இடது கையில் போன், வலது கையில் பேட்டரி

உன் அங்கி இன்னமும் என்னிடம்தான் இருந்தது, தெரியுமா?

போன மாதம் ஒரு கல்யாண வேலைக்குப் பழைய லைட் ஸ்டாண்ட் தேவைப்பட்டது. ஜூரோங் வீட்டில் பாம் ஷெல்டருக்குள் நுழைந்தேன். குண்டு விழுந்தால் குடும்பத்தோடு உள்ளே போய் உட்கார வேண்டும் என்று இரும்புக் கதவு போட்டுக் கட்டிக்கொடுத்த அறை. எல்லா வீவக அடுக்குமாடி வீடுகளிலும் உள்ள கதைதான்: என் வீட்டிலும் அதற்குள் அரிசி மூட்டையும் உடைந்த மின்விசிறியும் தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பெரிய பாத்திரங்களும் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டாண்டைப் பிடித்து இழுத்தேன். மேல் தட்டிலிருந்து உன் குண்டு துளைக்காத அங்கி என் தோள்மேல் வந்து விழுந்தது. கல் விழுந்த மாதிரி வலி. அதைவிட மோசம், அதிலிருந்து வந்த தைல வாசனை. இத்தனை வருஷம் கழித்தும் போகவில்லை. டீசல் நெடி தாங்காமல் நீ மூக்குக்குக் கீழேயும் கழுத்துப் பட்டையிலும் தடவிக்கொண்டே இருப்பாயே, அதே வாசனை.

அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ செத்து அப்போது இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்பவர்களுக்கு உன்னைத் தெரியாது.

இருபத்தைந்து வயதில் நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் செய்திப் பிரிவில் சேர்ந்தோம். நீ நிருபர், நான் கேமரா. ஜூரோங் கப்பல் பட்டறையில் தீ, காத்தோங்கில் வெள்ளம், தேக்காவில் விலையேற்றம் என்று எதற்கும் நம் இருவரைத்தான் அனுப்புவார்கள். "என் வாய், உன் கண்ணு. யாரு நம்மைப் பிரிப்பா?" என்பாய். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது. பெண்பிள்ளையை நம்பி அவ்வளவு பெரிய கேமராவைக் கொடுக்கலாமா என்று அலுவலகத்தில் முணுமுணுத்தபோது நீதான் மேசையைத் தட்டிச் சண்டை போட்டாய். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு கோபம் வராது.

அந்தப் போருக்கும் நம்மைத்தான் அனுப்பினார்கள். நாட்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஹமீதின் சொந்தக்காரர்கள் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மலையும் புழுதியும் மண் சுவர்களும் உள்ள நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வெளிநாட்டுப் படையோடு சேர்ந்து பயணம் செய்து செய்தி அனுப்ப வேண்டும். அவர்கள் வண்டியில் போக வேண்டும், அவர்கள் கூடாரத்தில் தூங்க வேண்டும், அவர்கள் கொடுக்கும் பொட்டலச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். ஊர் பெயர் சொல்லக் கூடாது. இறந்த சிப்பாயின் முகத்தைக் காட்டக் கூடாது. எடுத்த படத்தை ஒரு மேஜர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அனுப்பலாம். இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினோம்.

போன புதிதில் நீ "அவங்க" என்று சொல்வாய். "அவங்க இன்னைக்கு ஆத்தைத் தாண்டுறாங்க." கொஞ்ச நாளில் அது "நாம" ஆகிவிட்டது. "நாளைக்கு நாம மேல ஏறுறோம்." ஒரு தடவை நான் சொல்லிக் காட்டினேன். நீ சிரித்தாய். "அவன் வண்டியில ஏறி, அவன் சோத்தைத் தின்னு, அவன் துப்பாக்கிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு 'அவங்க'ன்னு எப்படி மலர் சொல்றது? வாய் கூசுது லா." நானும் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிட்டுச் சிரிப்பதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விதி போன் விதி. சாட்டிலைட் போனைத் திறந்தால் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை எதிரி கண்டுபிடித்துவிடுவான் என்று படையினர் பயந்தார்கள். அதனால் வண்டிகள் கிளம்புவதற்கு முன்பு எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். போனிலிருந்து பேட்டரியைக் கழற்ற வேண்டும். இடது கையில் போன், வலது கையில் பேட்டரி. இரண்டையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு சார்ஜெண்ட் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போவார். பள்ளிக்கூடத்தில் நகம் வெட்டினாயா என்று பார்ப்பார்களே, அதே மாதிரி. நீ எப்போதும் என் பக்கத்தில் நிற்பாய். கை தூக்கிக்கொண்டே, "சரண்டர் ஆயிட்டோம் சார்" என்று தமிழில் முணுமுணுப்பாய். எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியாது.

நம் மூன்றாவது ஆள் ஹமீது. மொழிபெயர்ப்பாளன். அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். ஊர்க்காரர்களிடம் படையினர் பேசுவதற்கும் அவன்தான், நாம் பேட்டி எடுப்பதற்கும் அவன்தான். உன் வீட்டிலிருந்து நீ கொண்டுவந்த இக்கான் பிலிஸ் நெத்திலிச் சம்பலை முதல் தடவை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீரோடு, "பிரதர், உங்க ஊர்ல போரே வேண்டாம், இதுவே போதும்" என்றானே. நாம் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவனும் எல்லாவற்றுக்கும் பின்னால் நம் சிங்கப்பூர் லா போட ஆரம்பித்தான். "நோ ப்ராப்ளம் லா." அந்த மலைக்காட்டில் தாடிக்காரன் ஒருத்தன் அப்படிச் சொல்வதைக் கேட்க அவ்வளவு வேடிக்கையாக இருக்கும். உன் மகளுக்கென்று அவன் ஒரு பொட்டலம் காய்ந்த மல்பெரிப் பழம் கொடுத்தது நினைவிருக்கிறதா? அவன் அம்மா வீட்டு மரத்தில் பறித்துக் காயவைத்தது. நீ அதைப் பையில் துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாய்.

அந்த நாளைப் பற்றி நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. இப்போது நான் பேசுகிறேன். உன்னால் எழுந்து போக முடியாது.

மதியம் தாண்டிய நேரம். ஒரு வண்டியின் சக்கரம் பழுதாகி, இடிந்த தோட்டச் சுவர் ஒன்றின் ஓரமாக எல்லா வண்டிகளும் நின்றன. காலையில் நீயும் வரிசையில் நின்று போனையும் பேட்டரியையும் தூக்கிக் காட்டியிருந்தாய். ஹமீது தொழுவதற்காகத் தோட்டத்துப் பக்கம் தனியாகப் போனான். நான் வண்டிக்குள் உட்கார்ந்து லென்ஸில் ஒட்டிய புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த பிறகு சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கக் கேமராவைக் கண்ணில் வைத்தேன். பதிவு செய்யவில்லை, வெறுமனே பார்த்தேன். சுவரின் மறுபக்கம் நீ குந்தியிருந்தாய். காதில் ஒரு போன். நான் அதற்கு முன் பார்த்தே இராத இன்னொரு சாட்டிலைட் போன். மற்றக் காதை விரலால் அடைத்துக்கொண்டு நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

பாவி, மற்றவர்களுக்கு முன்னால் செய்தி கொடுக்க அலுவலகத்தைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். வந்ததும் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தேன். நீ வந்து உட்கார்ந்தாய். நான் வாயைத் திறக்கும் முன்பு முதல் குண்டு விழுந்தது.

இரண்டு சிப்பாய்கள் இறந்தார்கள். முந்தின நாள் உன் சம்பலுக்கு அடித்துக்கொண்டவர்களில் அவர்களும் உண்டு. உன் போனால்தான் குண்டு வந்தது என்று நான் இன்றுவரை சொல்லவில்லை. நின்ற வண்டிகளை எந்த மேட்டிலிருந்து வேண்டுமானாலும் எவனும் பார்த்திருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கிருந்து ஒரு போன் அழைப்பு போயிருக்கிறது என்பது மட்டும் படைக்குத் தெரிந்துவிட்டது. யார் என்று தேடினார்கள். தனியாகப் போன உள்ளூர்க்காரன் ஒருவன் இருந்தானே. போனை எங்கேயோ வீசிவிட்டான் என்றார்கள். ஹமீதின் கையைப் பின்னால் வைத்துக் கட்டினார்கள்.

அவன் உன்னைத்தான் பார்த்தான். "பிரதர், டெல் தெம். நான் தொழப் போனேன்னு சொல்லுங்க." நீ உன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

நான் மேஜரிடம் போனேன். போன் பேசியது அவன் இல்லை, என் நிருபர், நான் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். மேஜர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார். ஐயோ, அப்போது நீ பேசின பேச்சு! குரலே உயர்த்தவில்லை. "அவங்க வண்டியில தூங்கிட்டிருந்தாங்க சார். பாவம், அதிர்ச்சியில இருக்காங்க. தயவுசெய்து வீட்டுக்கு அனுப்பிடுங்க." சொல்லிக்கொண்டே என் தோளில் கை வைத்துத் தட்டிக்கொடுத்தாய். அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தத் தட்டிக்கொடுத்ததைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை. கத்தினேன். கத்தக் கத்த மேஜருக்கு நீ சொன்னதில் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது.

மறுநாளே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவசரத்தில் கைக்கு வந்த அங்கியை மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறேன். பாதி வழியில்தான் தெரிந்தது, தொடை வரைக்கும் தொங்குகிறது, உன்னுடையது. சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருக்கும்போது அங்கிருந்த தொலைக்காட்சியில் உன் முகம். "உடன் இருந்த உள்ளூர்க்காரர் ஒருவரே காட்டிக்கொடுத்ததாகப் படை சந்தேகிக்கிறது" என்று உன் அழகான தமிழில் சொன்னாய். என் பெட்டி என்னைத் தாண்டிப் போனது. அது மறுபடி சுற்றி வரும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆனது என்பது உனக்கே தெரியும். "அதிர்ச்சியில இருக்காங்க" என்ற வார்த்தை எனக்கு முன்னால் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். யாரும் என்னை எந்த வேலைக்கும் வெளியே அனுப்பவில்லை. நான் சொன்னதைக் கேட்ட பெரியவர்கள், "சரி மலர், ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். ஒரு நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் எடிட்டிங் அறை. கல்யாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா எல்லாம் எடுக்கிறேன். வேலை நன்றாகத்தான் போகிறது. எனக்காக நான் அழவில்லை.

நீயோ பெரிய ஆள் ஆனாய். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினாய். என் அக்கா மகன் படித்த பள்ளிக்கும் வந்தாய். அவன் வந்து சொன்னான், "சித்தி, அந்த அங்கிள் செம்மையா பேசினாரு. மொழிபெயர்ப்பாளரே ஏமாத்திட்டாராம்." நீ அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி உனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது போல.

ஹமீதைச் சில வருஷம் அடைத்து வைத்திருந்து பிறகு வெளியே விட்டார்கள். அவன் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. படைக்கு வேலை செய்தவன் என்று ஒரு கூட்டம் தேடியது. படையோ காட்டிக்கொடுத்தவன் என்று எழுதி வைத்திருந்தது. மற்ற மொழிபெயர்ப்பாளர்களை எல்லாம் குடும்பத்தோடு தங்கள் நாட்டுக்கு அழைத்துப் போய்க் குடியேற்றினார்கள், அவனுக்கு மட்டும் இல்லை. பக்கத்து நாட்டில் மனைவி மக்களோடு ஒளிந்துகொண்டு வாழ்கிறான். ஒரு நாள் நான் நடத்தும் கல்யாண வீடியோ இணையப் பக்கத்தில் தேடிப் பிடித்து என்னைக் கூப்பிட்டான். குரல் மாறவே இல்லை. "சிஸ்டர், நான்தான் லா." ஒரு வழக்கறிஞர் அவனுக்காக வாதாடுகிறார். அன்று போன் பேசியது இவன் இல்லை என்று அங்கே இருந்த ஒருவர் சொல்ல வேண்டும். நான் உடனே எழுதிக் கொடுத்தேன். அவர்களுடைய பழைய கோப்பில் நான் அதிர்ச்சியில் இருந்தவள், தூங்கிக்கொண்டிருந்தவள். என் சொல் எடுபடவில்லை. உன் சொல்தான் வேண்டும்.

தேக்கா மார்க்கெட்டில் உன்னை வரச்சொன்னேன். தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாய். முதல் முறையாக நீ மறுக்கவில்லை. "தரேன் மலர். கொஞ்சம் டைம் கொடு" என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், அவ்வளவு பெரிய பைத்தியக்காரி நான். ஹமீதைப் போனில் கூப்பிட்டு, "பிரதர் எழுதித் தரேன்னுட்டான்" என்றேன். அந்தப் பக்கம் அவன் மனைவியும் அழுதது கேட்டது.

அதன் பிறகு எத்தனை தடவை கூப்பிட்டேன்! பொங்கல் முடியட்டும் என்றாய். உன் மனைவி கலாவுக்கு உடம்பு சரியில்லை என்றாய். அப்புறம் எடுப்பதையே நிறுத்திவிட்டாய். உனக்குத்தான் உடம்பு சரியில்லை என்பதை எனக்குச் சொல்லவே இல்லை. ஹமீது விட்டு விட்டுக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தான். "பிரதர் ரெடியா லா?"

உன் கலா என்னைக் கூப்பிட்டு நீ போய்விட்டாய் என்று சொன்னபோது, "அப்போ ஹமீது?" என்றுதான் என் வாயில் வந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை போலும். நான் போனை வைத்துவிட்டேன். ஹமீதிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கேள். உனக்குத் தெரியாதது இதுதான்.

சமூக மன்றத்தில் உனக்கு நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். கூட்டத்தில் போட ஒரு வீடியோ வேண்டும் என்று உன் மகள் யாழினி என் மாடிக்கு வந்தாள். சாங்கியில் சரக்குப் பிரிவில் வேலை, சீருடையோடு வந்திருந்தாள். அப்படியே உன் நெற்றி. வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். "அப்பா உங்களைப் பத்தி நிறைய சொல்லுவாரு ஆன்ட்டி, என் கண்ணுன்னு சொல்லுவாரு" என்றாள். என்ன சொல்வது, உட்கார் என்றேன்.

போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒன்றில் ஏழு வயசுக் குழந்தை, பட்டுப் பாவாடை, முன்னால் கேக், காதில் வீட்டுத் தொலைபேசி.

"இது கண்டிப்பா வரணும் ஆன்ட்டி. என் பெஸ்ட் பர்த்டே. கரெக்டா கேக் வெட்டுற நேரத்துல அப்பா போர்ல இருந்து கூப்பிட்டாரு! நான் பாட்டுப் பாடுங்கன்னேன். முழுசா பாடினாரு, ஒரே சிரிப்பு. இது நம்ம ரெண்டு பேரு ரகசியம், யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. மறுநாள் நியூஸ்ல நீங்க இருந்த இடத்துல குண்டு விழுந்துச்சுன்னு வந்துச்சு. அம்மா அழுத அழுகை! எனக்கு மட்டும் பயமே இல்லை. அப்பாதான் முந்தின நாள் என்கிட்ட பேசிட்டாரே."

அலுவலகத்தோடு யாராவது அப்படிச் சிரித்துப் பேசுவார்களா? இத்தனை வருஷமாக எனக்கு அது தோன்றவே இல்லையே. நீ அங்கே குந்திக்கொண்டு பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாய்.

அவள் பேசிக்கொண்டே போனாள். "அப்புறம் வரும்போது ஒரு டிரை ஃப்ரூட் கொண்டுவந்தாரு. மல்பெரி. இன்னும் அந்த ருசி நாக்குல இருக்கு."

ஒரு நிமிஷம் உன்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. பெரிய காரணத்துக்காக ஹமீதை விற்றாய் என்று நினைத்திருந்தேன். பேர், பதவி, முதல் செய்தி. கடைசியில் இவ்வளவுதானா? மகளோடு பேசினேன் என்று மேஜரிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன்னையும் என்னோடு விமானத்தில் ஏற்றியிருப்பார்கள். வேலை போயிருக்கும். பிறந்தநாள் அழைப்பால் இரண்டு பேர் செத்தார்கள் என்று உன் பிள்ளை ஒரு நாள் நினைத்துவிடக் கூடாதே என்று பயந்தாயோ, என்னவோ. பயந்திருப்பாய். அந்தப் பயத்துக்கு ஹமீதின் பிள்ளைகளையா கொடுப்பது? கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அவளிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால் அவள் வைத்திருக்கும் நல்ல நினைவு ஒன்று நாசமாகும். சொல்லாவிட்டால் ஹமீதுக்குக் கதவே கிடையாது. இந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அவளுக்குக் கீழேயிருந்து கோப்பி வரவழைத்துக் கொடுத்தேன். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். போன் விதியையும், கை தூக்குவதையும், சுவரையும், ஹமீதையும். குண்டு எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது, உனக்கு அப்போது ஏழு வயசு, உன்மேல் ஒரு தூசி கிடையாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அவரு எப்படி இருப்பாரு, அந்த ஹமீது அங்கிள்?" என்று கேட்டாள்.

என்னிடம் பழைய துண்டு ஒன்று இருந்தது. ரொட்டியில் சம்பலைத் தடவிக்கொண்டு ஹமீது கேமராவைப் பார்த்து, "நோ ப்ராப்ளம் லா!" என்பான். பக்கத்தில் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அதைப் போட்டேன். இரண்டு தடவை பார்த்தாள். அப்போதுதான் உடைந்தாள். "எங்கப்பா பக்கத்துலயே உக்காந்திருக்காரே ஆன்ட்டி" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். நீ போனதற்கு நான் அழுதது அப்போதுதான்.

கிளம்பும்போது கேட்டேன். "அந்த கேக் போட்டோவை எடுத்துடவாம்மா?"

"வேண்டாம் ஆன்ட்டி. போடுங்க. ஆனா ஹமீது அங்கிளையும் சேர்த்து முழுசா போடுங்க."

அந்த வாரமே வழக்கறிஞருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பிறந்த தேதி, கேக் வெட்டிய நேரம், அப்பா பாடிய பாட்டு வரைக்கும். அம்மாவையும் எழுதச் சொன்னாள். கலா எழுத மாட்டேன் என்றாள், "என் வீட்டு வாசலை மிதிக்காதே" என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவள் உனக்கு மனைவி, உன்னைக் காப்பாற்றுகிறாள். யாழினியின் வாக்குமூலமே போதும், விசாரணையைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்கலாம் என்கிறார் வழக்கறிஞர்.

கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பழைய பெரியவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்கள். ஒருவர் பின் ஒருவராக உன் துணிச்சலைப் பேசினார்கள். நான் பின்வரிசையில் கேமராவோடு நின்றேன். கடைசியில் யாழினி மேடை ஏறினாள். மைக்கைத் தொடவில்லை. தன் போனை எடுத்து இடது கையில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். வலது கையை வெறுமனே தூக்கினாள். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கேமராவை அவள் கைகள்மேல் நெருக்கினேன்.

"போருக்குப் போற நிருபருங்க தினமும் இப்படித்தான் நிக்கணுமாம். இடது கையில போன், வலது கையில பேட்டரி. எங்கப்பாகிட்ட ரெண்டு போன் இருந்துச்சு. அன்னைக்கு அவர் ஒன்னைத்தான் காட்டினாரு. இன்னொன்னுல என்கிட்ட பேசினாரு."

மீதியையும் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கலா பாதியில் எழுந்து போனாள். பெரியவர்களில் ஒருவர் வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ரெஸ்ட் எடுங்க சார்" என்றேன்.

உன் அங்கியை யாழினி கேட்டாள். கொடுத்துவிட்டேன். அவளுக்கும் தொடை வரைக்கும் தொங்கியது.

நீ போனதை ஹமீதிடம் சொல்லிவிட்டேன். யாழினி எழுதியதையும் சொன்னேன். "பாட்டுப் பாடினாரா சிஸ்டர்?" என்று கேட்டான். பிறகு, "பொண்ணுகிட்ட சொல்லுங்க, அந்தப் பழம் என் அம்மா மரத்துது. அவ மேல ஒன்னும் இல்ல. நோ ப்ராப்ளம் லா" என்றான்.

அவனுக்கு ப்ராப்ளம் இல்லையாம். எனக்கு இருக்கிறது. அவன் உன்னை மன்னித்தாலும் நான் மன்னிக்க மாட்டேன். ஹமீதின் குடும்பம் சாங்கி மாதிரி ஏதோ ஓர் ஊர் விமான நிலையத்தில் பெட்டிகளோடு இறங்கி நிற்கும் அன்று வேண்டுமானால் மறுபடி யோசிக்கிறேன்.

ஆனால் ஒன்று. இன்றைக்கும் ஒவ்வொரு கல்யாணத்திலும், தாலி கட்டும் நேரத்தில் ஐயர் "போனையெல்லாம் ஆஃப் பண்ணிடுங்கோ" என்று சொன்னவுடன் என் இரண்டு கையும் தானாக மேலே போகிறது. இடது கையில் போன். இந்தக் காலத்துப் போனில் பேட்டரியைக் கழற்ற முடியாது, வலது கையில் ஒன்றும் இருக்காது. மாப்பிள்ளை வீட்டார் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பேன், யாராவது "சரண்டர் ஆயிட்டோம் சார்" என்று சொல்கிறார்களா என்று.